இரண்டாவது கப்பல்

என் ஒட்டு நோட்டுகளில் ஒவ்வொரு பத்திரிகைத் துண்டின் ஓரத்திலும் இரண்டு தேதிகள் இருக்கும். கறுப்பு மையில் எழுதியது பத்திரிகையின் முகப்பில் அச்சான தேதி. சிவப்பு மையில் எழுதியது அந்தப் பத்திரிகை ஆம்பூரில் என் கைக்கு வந்து சேர்ந்த தேதி. இளவயதிலேயே இந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. சென்னையில் ஒரு மந்திரி திங்கட்கிழமை பதவி விலகி, செய்தி புதன்கிழமை எங்களுக்கு வந்தால், செவ்வாய்க்கிழமை முழுவதும் எங்கள் ஊரில் அவர் மந்திரிதான். அன்றைக்கு அவரைத் திட்டியவர்களும் புகழ்ந்தவர்களும் இல்லாத ஒரு மந்திரிக்காக வாய் வலிக்கப் பேசினார்கள். அந்த இடைவெளியை அளந்து பார்ப்பதில் எனக்கு ஒரு தீராத ஆசை.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மூன்றாவதாக, பென்சிலில், இன்னொரு தேதி இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்துவிட்டதால் மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் டேனரியில் ரைட்டர். உள்ளே வரும் பச்சைத் தோலையும், பதனிட்டு வெளியே போகும் தோலையும், பதனிடுவதற்காக வண்டியில் வரும் ஆவாரம் பட்டையையும் எழுதி வைப்பது என் வேலை. நண்பகல் மணி அடித்ததும் பட்டைக் கொட்டகைக்குப் போவேன். அங்கே பட்டை இடிக்கும் பெண்களும், தோலைத் தரம் பிரிக்கும் ஒரு பாயும், சுண்ணாம்புக் குழி ஆட்கள் சிலரும் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் பத்திரிகை படிப்பேன். மறுபடி மணி அடித்ததும், எந்த வரியில் இருந்தாலும், தாளை மடித்து எழுந்துவிட வேண்டும். வாக்கியத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் மேஸ்திரி ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூன்று பத்திரிகைகள் எங்களுக்குக் கிடைத்தன. ஒன்று ஆங்கில நாளிதழ். முதலாளி அதில் லண்டன் தோல் விலைப் பட்டியலைக் கத்தரித்து எடுத்துக்கொண்ட பிறகு, நடுவில் ஒரு ஜன்னல் திறந்தாற்போல, மறுநாள் கீழே இறங்கி வரும். இரண்டாவது ஒரு தமிழ் நாளிதழ். அதை நானும் பாயும் சேர்ந்து வாங்கினோம். மூன்றாவது என் கிறிஸ்தவ சபையின் தமிழ் வாரப் பத்திரிகை, தபாலில் செவ்வாய்க்கிழமை தோறும் வரும்.

மலேயாவிலிருந்து திரும்புகிறவர்களைப் பற்றி மூன்றும் எழுதின. மூன்றும் எழுதுவது ஒரே மனிதர்களைப் பற்றித்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும். ஆங்கிலத் தாளில் அந்தச் செய்தி ரப்பர் விலைக்கும் தோல் விலைக்கும் நடுவில், கப்பல் வரத்துப் பகுதியில்தான் எப்போதும் இருக்கும். அவர்கள் ஒழுங்காக ஏற்றப்பட்டார்கள், ஒழுங்காக இறக்கப்பட்டார்கள். ஏற்றியது யார், இறக்கியது யார் என்று வாக்கியத்தில் தேடினாலும் ஆள் அகப்படமாட்டான். தமிழ் நாளிதழில் அவர்கள் விரட்டப்பட்ட சகோதரர்கள், சொந்த மண்ணில் கால் வைத்துக் கண்ணீர் விடும் அகதிகள். வாரப் பத்திரிகையில் அவர்கள் உடுக்கத் துணி இல்லாத ஏழைகள். பழைய துணி அனுப்பவேண்டிய முகவரி கடைசியில் இருக்கும். நான் நோட்டில் மூன்று பத்தி போட்டு, எந்தப் பத்திரிகை எந்த வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது என்று எழுதிவந்தேன். அனுப்பப்பட்டனர், விரட்டப்பட்டனர், வந்தனர், சேர்ந்தனர், மீண்டனர். எங்கள் கொட்டகையில் அவர்களுக்கு இருந்த பெயர் ‘கப்பல்காரங்க’.

அந்தக் கப்பல்காரர்களில் ஒருவருடைய மனைவி எங்களோடு பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் பின்னால் போன கணவன். மகளுக்கு அப்போது ஆறு வயது. இப்போது பதினாறு. வேலூருக்குப் பக்கத்தில் பாகாயத்திலிருந்து ஒரு நல்ல இடம் பெண் கேட்டு வந்திருந்தது. பையன் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அப்பன் உயிரோடிருக்கும்போது மாமன் உட்கார்ந்து தட்டு மாற்றுவது கூடாது, அவர் வரட்டும், ஆனால் கார்த்திகை முடிவதற்குள் நிச்சயம் ஆகவேண்டும். மார்கழியில் ஒன்றும் செய்யமாட்டார்கள். தைக்கு அவர்களிடம் வேறொரு பெண்ணின் ஜாதகம் இருந்தது.

தீபாவளி கழித்து ஏற்றும் கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று கணவனிடமிருந்து ஒரு கார்டு ஐப்பசியில் வந்திருந்தது. யாரோ எழுதிக் கொடுத்த எழுத்து. கப்பலின் பெயர் இல்லை, நாள் இல்லை. அதைப் படித்துக் காட்டியவன் நான். அன்று முதல் நண்பகலில் நான் உட்காருவதற்கு முன்பே அவள் கேள்வி வந்துவிடும்.

“இன்னா ரைட்டரே, கப்பல் சேதி எதனா கீதா?”

பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “தங்கச்சி, அவரு இன்னும் தாளையே பிரிக்கல. கப்பலு உள்ளேருந்து குதிச்சா வரும்?” என்பார்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட ஆங்கிலத் தாள் வந்தது. வெட்டிய ஜன்னலுக்குப் பக்கத்திலேயே செய்தி. வியாழக்கிழமை காலை ஒரு கப்பல் சென்னைக்கு வந்தது. இறங்கியவர்கள் மனநிறைவோடு காணப்பட்டார்கள். அரசாங்கச் செலவில் தங்கள் தாயகத்துக்குத் திரும்பினார்கள். கப்பல் கரையை நெருங்கிய விடியற்காலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். நான் படிக்கப் படிக்கத் தமிழாக்கிச் சொன்னேன்.

“கடல்ல பொறந்த கொயந்தைக்கு எந்த ஊருன்னு எழுதுவாங்க?” என்றாள் ஒருத்தி.

“கப்பலு மேலதான் எழுதணும்,” என்றார் பாய்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. “ரைட்டரே, திரும்பிட்டாங்கன்னு போட்டிருக்கா, திரும்பறாங்கன்னு போட்டிருக்கா?”

“திரும்பிட்டாங்கன்னுதான் போட்டிருக்கு.”

“எங்க?”

“தாய்நாட்டுக்கு.”

“அது சரி, ஆம்பூருக்கு வந்துட்டாங்களா?”

நான் தாளை இன்னொரு முறை பார்த்தேன். அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. வியாழக்கிழமை சென்னையில் இறங்கியவன் எப்படிப் போனாலும் சனிக்கிழமை மாலை வண்டிக்கு வந்துவிடுவான் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? திரும்பினார்கள் என்று அச்சில் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கூலிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டிப் போனவன் தானாக நடந்துவந்து வீட்டுப் படி ஏறமாட்டான். அவன் எந்த இடத்தில் வண்டி ஏறிப் போனானோ அந்த இடத்துக்கு வீட்டார் சொம்பில் தண்ணீரோடு வந்து, அவன் வாய் கொப்பளித்துக் கால் கழுவிய பிறகு, தலையில் மூன்று முறை தெளித்து அழைத்துப் போக வேண்டும். அழைக்க யாரும் வராவிட்டால், அந்த வீட்டில் தன்னை வேண்டுபவர் இல்லை என்று அவன் எடுத்துக்கொள்வான். அவள் சனிக்கிழமை மாலை சொம்போடு ஸ்டேஷனுக்குப் போனாள். ஞாயிறும் போனாள், திங்களும் போனாள். மூன்று நாளும் அந்தத் தண்ணீரை அங்கிருந்த வேப்ப மரத்துக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை நண்பகல் வாரப் பத்திரிகை வந்தது. அதில் ஒரு வேண்டுகோள். நம் ஏழைச் சகோதரரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் பினாங்கிலிருந்து புறப்பட ஆயத்தமாக இருக்கிறது, அவர்கள் வந்து சேருமுன் துணிகளை அனுப்பி வையுங்கள் என்று நீண்டுகொண்டே போயிற்று. பாதியில் நான் நிறுத்தினேன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“கேட்டீங்களா? இது வேற கப்பலு. இன்னும் புறப்படவே இல்ல. முதல் கப்பல்ல அவர் இல்ல. அதனாலதான் வரல. இதுலதான் வர்றாரு.”

பினாங்கிலிருந்து சென்னைக்கு எத்தனை நாள் என்பது என் நோட்டில் இருந்தது. விரலை மடக்கி எண்ணி, கார்த்திகை முடிய நான்கு நாள் மீதியிருக்கும்போதே ஆள் வந்துவிடுவார் என்று சொன்னேன். கொட்டகை முழுவதும் மூச்சு விட்டது. அப்போது மணி அடித்தது. நான் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மகளை உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள். வியாழக்கிழமை பாகாயத்துக்கு ஆள் அனுப்பி, கார்த்திகைக் கடைசி வாரத்தில் நிச்சயதார்த்தம் என்று நாளும் குறித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தமிழ் நாளிதழில் சற்றுச் சூடான பத்தி ஒன்று. வந்து இறங்கிய அகதிகளை நேரே ஊருக்கு அனுப்பாமல், நோய்ச் சோதனை என்று சொல்லித் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்களாம். காய்ச்சலில் சிலர் அங்கேயே இறந்துபோனார்களாம். முகாம் என்ற ஒன்று இருப்பதையே எங்களுக்கு முதன்முதலில் சொன்னது அந்தப் பத்தி. நான் படித்து முடித்ததும் அவள் சோற்று உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஐயோ பாவம், யார் வூட்டு ஆளுங்களோ,” என்றாள். அது முதல் கப்பல் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, சாப்பிட்ட பிறகு, வழக்கம்போல அந்த வாரத்துத் துண்டுகளை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். வாரப் பத்திரிகையின் வேண்டுகோளைக் கடைசிவரை அப்போதுதான் பார்த்தேன். மணி அடித்ததால் நான் படிக்காமல் விட்டது மூன்று வரி. கப்பல் கரையை நெருங்கிய விடியலில் ஆண்டவர் ஒரு பெண் குழந்தையை அருளினார், தாயும் சேயும் சுகம் என்று இருந்தது.

புறப்படாத கப்பல் எப்படிக் கரையை நெருங்கும்?

ஆங்கிலத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே விடியல், அதே பெண் குழந்தை. வாரப் பத்திரிகையின் எழுத்துகளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். வேண்டுகோளின் எழுத்துகள் தேய்ந்து மங்கலாக இருந்தன. கடைசி மூன்று வரி மட்டும் கூர்மையாக இருந்தது. முந்தின வாரத்து நோட்டைப் புரட்டினேன். அந்த வேண்டுகோள் சொல்லுக்குச் சொல் அங்கேயும் ஒட்டியிருந்தது. கப்பல் உண்மையிலேயே புறப்பட ஆயத்தமாக இருந்தபோது கோத்த அச்சை அப்படியே வைத்துக்கொண்டு, குழந்தைச் செய்தி வந்ததும் வாலில் சேர்த்திருக்கிறார்கள். என் கையாலேயே ஒட்டி, இரண்டு தேதியும் போட்டு வைத்திருந்த துண்டு அது. பழைய துணி வேண்டுகோள்தானே என்று அந்த வாரம் அதைக் கொட்டகையில் படித்துக் காட்டவும் இல்லை. தேதியை மட்டும் எழுதிவிட்டு விஷயத்தை மறந்திருக்கிறேன்.

இரண்டாவது கப்பல் என்று ஒன்று இல்லை. அவர் ஏறியிருந்தால் அந்த ஒரே கப்பலில்தான் ஏறியிருக்கவேண்டும். அது வந்து பத்து நாள் ஆகிவிட்டது. காய்ச்சலில் போனவர்களும் அதே கப்பல்.

திங்கட்கிழமை காலை, வேலை மணிக்கு முன்னால், பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அவளிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, “அப்போ நான் பாவம்னு சொன்னது எங்க வூட்டுக்காரரையேவா?” என்றாள்.

பாய் வந்து நடுவில் நின்றார்.

“பேஜாரு பண்ணாதீங்க ரெண்டு பேரும். ரைட்டர் சாப், பேப்பரை உள்ள வையி. வந்தவன் எவனா இருந்தாலும் ரெயில்லதானே வந்திருப்பான்? மொதல்ல டேசன்ல கேளு. அப்புறம் மெட்ராஸைப் பாக்கலாம்.”

பத்து நாளாக மூன்று பத்திரிகையைக் குடைந்துகொண்டிருந்த எனக்கு, கால்மணி தூரத்தில் இருந்த ஸ்டேஷனில் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

நண்பகலில் இருவரும் போனோம். அங்கே மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் அவளைப் பார்த்ததுமே, “சொம்போட வந்த அம்மாதானே நீ?” என்றார். “ஏம்மா செவ்வாக்கிழமை வரல?”

“இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“அன்னிக்கு சாயங்கால வண்டில ஒருத்தர் எறங்கினாரு. பச்சை டிரங்குப் பொட்டி, கயிறு போட்டுக் கட்டினது. கேட்டுக்கு வெளியே வரவே இல்ல. வேப்ப மரத்தண்ட குந்திக்கினு வாசலையே பார்த்துக்கினு இருந்தாரு. யாராச்சும் சொம்பு எடுத்துக்கினு வந்தாங்களான்னு கேட்டாரு. ஒரு அம்மா மூணு நாளா வந்துச்சு, இன்னிக்கு வரலன்னேன்.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“மூணு நாளோட அலுத்துப் போச்சா அவளுக்குன்னாரு. அப்பால அந்தாண்ட வந்த மெட்ராஸ் வண்டில ஏறிட்டாரு. அணைக்கட்டுல அக்கா வூடு கீதாமே, குடியாத்தத்துல எறங்கறேன்னாரு.”

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்தபோது முகத்தில் கோபம்தான் இருந்தது.

“உசுரோட கீறாரு. பத்து வருசமா நான் காத்திருந்தேன், ஒரு சாயங்காலம் காத்திருக்க அவருக்கு முடியல. நடந்தா இன்னா, காலு தேஞ்சிடுமா?”

“வழக்கம் அப்படியாச்சேம்மா,” என்றார் பெரியவர்.

“அப்போ நீ நாளைக்கே அணைக்கட்டு போய் வா,” என்றேன் நான்.

“நானா? நான் போய் நின்னா தப்பு என்னுதுன்னு ஆயிடும். தப்பு உங்களுது. நீங்க போங்க ரைட்டரே. அந்த நோட்டையும் எடுத்துக்கினு போங்க.”

செவ்வாய்க்கிழமை லீவு கேட்டுக் கிளம்பினேன். குடியாத்தத்தில் இறங்கி, பள்ளிகொண்டா வரை ஒரு வண்டியிலும் அப்புறம் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் அக்கா வீட்டுக் களத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், கோடுபோட்ட சட்டை. பச்சை டிரங்குப் பெட்டி சுவரோரம் கயிறு அவிழ்க்காமலே இருந்தது. நான் யார் என்று சொன்னதும் அக்காக்காரி குரலை உயர்த்தினாள்.

“நல்லா கீது நாயம்! பொண்டாட்டி வரல, பேப்பர்காரரு வந்துட்டாரு.”

நான் நோட்டைப் பிரித்து முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். அச்சான நாள் இது, ஆம்பூருக்கு வந்த நாள் இது, அன்றைக்கு உங்கள் மனைவி என்ன செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கை நிற்காமல் காய் ஆய்ந்துகொண்டிருந்தது. மனநிறைவோடு காணப்பட்டார்கள் என்ற இடத்தில் சிரித்தார்.

“கரையில நின்னு பார்த்த தொரை எழுதியிருப்பாரு. அத்தினி நாளு தண்ணியையே பார்த்துட்டு நெலத்தைப் பார்த்தா எவனுக்கும் பல்லு தெரியத்தான் தெரியும்.”

குழந்தைச் செய்தி வந்ததும் அவர் கை நின்றது. “அந்தப் புள்ளையைச் சுத்தறதுக்கு என் வேட்டியைத்தான் கிழிச்சுக் குடுத்தேன். அதைப் போடலியா?”

“போடலை. பேரு என்ன வச்சாங்க?”

“தெரியாது. அந்த நோய் பாக்கற டிப்போல பொம்பளைங்களைத் தனியாப் போட்டுட்டாங்க. அஞ்சு நாளு. தினம் காலையில நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாங்க. ஊட்டுக்கு ஒரு கார்டு போடறேன்னேன், வெளியே போனப்புறம் போட்டுக்கோன்னாங்க. வெளியே விட்ட அன்னிக்குக் கார்டு போடறதா, வண்டி ஏறறதா?”

வியாழனோடு ஐந்து நாள் கூட்டினேன். செவ்வாய்க்கிழமை. கணக்குச் சரியாக இருந்தது. மூன்று பத்திரிகையும் அந்த ஐந்து நாளை எங்கள் ஊருக்குச் சரியான நேரத்தில் சொல்லவில்லை என்பதை அவரிடம் விளக்கினேன். அவருக்கு அதில் அக்கறை இருக்கவில்லை. எனக்கோ பல மாதமாக மனத்தில் இருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் வர மனம் வரவில்லை.

“நீங்களா வந்தீங்களா, விரட்டினாங்களா? ஒரு பத்திரிகை அப்படிச் சொல்லுது, ஒண்ணு இப்படிச் சொல்லுது.”

அவர் யோசித்தார். “வேலை பாதியாச்சு. காலையில பேரு குடுத்தேன். மத்தியானம் மனசு கேக்கல, பேரை அடிச்சிடுங்கன்னு போய்ச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான்னு தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணி சொல்லிட்டாரு. சாயங்காலம் சரி, பொண்ணைப் பாக்கலாமேன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. இதுல எதைப் போடுவீங்க?”

என் மூன்று பத்தியில் எதிலும் அது அடங்கவில்லை. இன்றுவரை அடங்கவில்லை.

பிறகு அவர் தன் கேள்விக்கு வந்தார். “மூணு நாளு வந்தவ நாலாம் நாளு ஏன் வரல?”

இரண்டாவது கப்பலைச் சொன்னேன். மணி அடித்ததைச் சொன்னேன். படிக்காமல் விட்ட மூன்று வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

“அப்போ மணி அடிச்சதால வரல.”

“ஆமாம். தப்பு என்னுது.”

“அவ வேணாம்னு நிக்கல.”

“பொண்ணுக்குத் தலை வாரிட்டு இருந்தா. அடுத்த வாரம் நிச்சயம். நீங்க இல்லாம அவங்க தட்டு மாத்த மாட்டாங்க.”

அக்காக்காரி மல்லாட்டைக் கூடையை டொம்மென்று வைத்தாள். “இதுக்காடா ஒரு வாரமா மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு என் வூட்டுச் சோத்தைத் தின்னே? அந்தப் பொட்டியை எடு முதல்ல.”

“நாளைக்கு சாயங்கால வண்டில வர்றேன்,” என்றார் என்னிடம். “சொம்போட நிக்கச் சொல்லுங்க. வேற எந்தப் பேப்பரும் படிச்சுடாதீங்க.”

புதன்கிழமை நண்பகல் நான் கொட்டகைக்குப் போனபோது, முந்தின நாள் தபாலில் வந்த வாரப் பத்திரிகையைப் பாய் எனக்காக எடுத்து வைத்திருந்தார். பிரித்தால் அதே வேண்டுகோள். குழந்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பல் புறப்பட ஆயத்தமாக இருந்தது. இந்த முறை கடைசி எழுத்துவரை படித்தேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

“இன்னும் பொறப்படலியா அந்தக் கப்பலு? யாராச்சும் போய்த் தள்ளிவுடுங்க!”

அவளும் சிரித்தாள். ஆனால் சாப்பிடவில்லை. சோற்றை அப்படியே கட்டிவைத்துவிட்டாள்.

மாலையில் மகளை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். மூட்டை தூக்கும் பெரியவரும் தோளில் துண்டோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். அவள் இரண்டு தடவை சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வந்தாள்.

“ரைட்டரே, இன்னிக்கு வண்டி வரும்னு எங்கனா போட்டிருக்கா?”

“போடலை.”

“அப்போ வந்துடும்.”

வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து பச்சை டிரங்குப் பெட்டி முதலில் இறங்கியது, அதன் பின்னால் அவர். அங்கேயே நின்றுவிட்டார், கேட்டுப் பக்கம் ஓர் அடி வைக்கவில்லை. அவள் சொம்பைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிவரை நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

“செவ்வாக்கிழமை வரலியே,” என்றார் அவர்.

“நீங்க ரெண்டாவது கப்பல்ல வர்றதா சேதி,” என்றாள் அவள். “வாயைக் கொப்பளிங்க.”

கொப்பளித்தார். கால் கழுவினார். அவள் மூன்று முறை தெளித்தாள். மூன்றாவது முறை தெளித்தது என்று சொல்வதைவிட ஊற்றியது என்று சொல்வதே சரி. கோடுபோட்ட சட்டை முழுவதும் நனைந்துபோயிற்று. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாய்க்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

“இது யாரு?”

“நல்லாப் பாருங்க,” என்றாள் அவள்.

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பெரியவர் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவர்கள் மூவரும் முன்னால் போக, பெட்டி பின்னால் போயிற்று. நிச்சயதார்த்தம் குறித்த நாளிலேயே, கார்த்திகை முடிவதற்குள் நடந்தது. அவரே உட்கார்ந்து தட்டு மாற்றினார்.

அவர் வந்து இறங்கிய அன்று இரவே வீட்டுக்குப் போய் அந்த ஆங்கிலத் துண்டை எடுத்தேன். தாயகம் திரும்பினார்கள் என்று இருந்தது. கறுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை, சிவப்பில் ஒரு சனிக்கிழமை. அதற்குக் கீழே பென்சிலில், அவர் உண்மையிலேயே வீடு சேர்ந்த அந்தப் புதன்கிழமையின் தேதியை எழுதினேன். அவர் கரை இறங்கியதற்குப் பதின்மூன்றாம் நாள். பிறகு அந்த நோட்டு முழுவதும், கப்பல்காரர்களைப் பற்றிய ஒவ்வொரு துண்டுக்குக் கீழும் மூன்றாவது தேதிக்கு இடம் விட்டு ஒட்டினேன். யார் எந்த நாளில் வீடு சேர்ந்தார்கள் என்று ஆம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் கேட்டும் பார்த்தேன். அந்த இடங்களெல்லாம் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. கடலில் பிறந்த அந்தக் குழந்தைக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறேன்.